உள்வாய்ப் பக்கத்து வீடு

“பங்குனி, செவ்வாய், காலை ஒன்பதே முக்கால். பின்சுவரிலிருந்து தண்ணீர் வரை பதினெட்டு மீட்டர். டேப்பை இரண்டு முறை பிடித்தோம்.”

என் நாட்குறிப்பில் அன்று எழுதியிருப்பது இவ்வளவுதான். அளவு சரி. அளந்த இடம்தான் தவறு.

சோழவந்தான் சாலையிலிருந்து சற்று உள்ளே, ஒரு கண்மாயை ஒட்டி, முதியவர்களுக்கென்று வரிசை வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். படியில்லாத வாசல், அகலமான கதவு, குளியலறைச் சுவரில் கைப்பிடி. என் மனைவி மிஷன் பள்ளியில் காலமெல்லாம் நின்றே பாடம் நடத்தியவள்; இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. நாங்கள் குடியிருப்பதோ மாடியில். கண்மாய்ப் பக்கம் பின்சுவர் இருந்த முன்வரிசையின் கடைசி வீட்டைப் பார்த்ததும், “இங்கன உக்காந்து தண்ணியப் பாத்துக்கிட்டே இருப்பேன். என்னைய யாரும் எந்திரிக்கச் சொல்லக் கூடாது” என்றாள். வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று பேச்சு.

நீர்நிலையிலிருந்து பதினைந்து மீட்டர் விட்டே கட்டுவதாக, கட்டுபவர்கள் கொடுத்த தாளில் இருந்தது. அதைச் சரிபார்க்கத்தான் நானும் அவள் தம்பியும் போனோம். அவன் தண்ணீரோரச் சேற்றில் நின்று டேப் முனையைப் பிடித்திருந்தான். பக்கத்தில் வெள்ளரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் குடத்தை இறக்கிவைத்தார்.

“என்ன மாப்ள, கண்மாய்க்குச் சட்டை தைக்கப் போறீகளா?”

“வீட்டுக்கு எம்புட்டுத் தூரம்னு பாக்குறோம்ணே” என்றான் தம்பி.

“பங்குனித் தண்ணிய அளந்து என்ன செய்ய? கரை அந்தாப் பக்கம் இருக்கு. இது உள்வாய், தண்ணி நிக்கிற பக்கம். நெறஞ்சா இங்கிட்டுத்தான் ஏறும். அந்தக் கருவேல மரத்தப் பாருங்க.”

“கம்பெனிக்காரய்ங்க அளந்திருப்பாய்ங்கல்ல?”

“அளந்திருப்பாய்ங்க. அவய்ங்களும் பங்குனியிலதான் வந்திருப்பாய்ங்க.”

தண்ணீருக்கு அருகிலிருந்த மரங்களில் என் இடுப்புயரத்துக்குத் தண்ணீர் நின்ற வெளிறிய சேற்றுத் தடம். வீட்டை நோக்கித் தரை மேடாக ஆக, தடம் இறங்கிக்கொண்டே வந்து, கடைசி மரத்தில் கணுக்காலளவில் நின்றது. அந்த மரத்துக்கும் பின்சுவருக்கும் நான்கு மீட்டர்.

வீட்டில் வந்து சொன்னேன். அவள் காலை நீவிக்கொண்டே கேட்டாள்.

“எத்தன வருசத்துக்கு ஒருக்கா அப்பிடி நெறையுமாம்?”

“கேக்கல.”

“நம்மகிட்ட எத்தன வருசம் இருக்கு?”

“அதுவும் தெரியல.”

“தண்ணி வந்தா மத்தவுக ஓடிருவாக. நான் எப்பிடி ஓட? பின்வரிசையில வீடு கேளுங்க.”

வெள்ளிக்கிழமை போனபோது கம்பெனி ஆளிடம் மரங்களைக் காட்டினேன். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். பின்வரிசை, மேட்டில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் முன்வீட்டுச் சுவர். அவள் அந்தச் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பதிவேட்டின்படி கண்மாயின் எல்லை எங்கே ஓடுகிறது என்று அறிய, தாலுகா அலுவலகத்தில் புல வரைபட நகல் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை. மரத்திலிருப்பது எந்த வருடத்துத் தண்ணீர் என்பதையும் இருவரிடம் கேட்டேன். ஆளுக்கொரு வருடம் சொன்னார்கள். ஆகவே முன்வரிசை வீடுகள் கண்மாய்க்கு வெளியே இருக்கின்றனவா, உள்ளேயா என்பது இதை எழுதும் வரை எனக்கு உறுதியாகத் தெரியாது.