பூட்டிய பீரோவும் பொம்மைகளும்

கீரனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் அங்கன்வாடி டீச்சர். சுவரில் 'விளையாட்டே குழந்தையின் கல்வி' என்று நானே பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழேதான் பீரோ. அதற்குள் மரக்கட்டைகள், பந்து, பொம்மைகள் எல்லாம் பத்திரமாகக் கல்வி கற்றுக்கொண்டிருந்தன. பிள்ளைகள் கையில் கொடுத்தால் உடைந்துவிடாதா? உடைந்தால் ஆபீசருக்கு யார் பதில் சொல்வது? அதனால் ஜூன் மாதமே பூட்டுப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் வருடம் பூராவும் வாசலில் புளியங்கொட்டையை வைத்து விளையாடினார்கள். புளியங்கொட்டை தொலைந்தால் எவரும் கேட்கப் போவதில்லை.

மாசியில் ஒருநாள், புதுக்கோட்டையில் இருந்து ஆபீசர் அம்மா வருவதாகப் போன் வந்தது. அவசர அவசரமாகப் பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் பாயில் பரப்பினேன். அவர் உள்ளே வந்தபோது பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிள்ளைகூடப் பாய்ப் பக்கம் போகவில்லை.

"எடுத்து வெளையாடுங்க கண்ணுகளா" என்றார் அவர்.

"தொட்டா டீச்சர் வையும்" என்றாள் நாலு வயதுக்காரி ஒருத்தி.

நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஆபீசர் அம்மாவுக்குப் பெரிய மனசு. பதிவேட்டில், 'பொருட்கள் புதிதுபோலவே உள்ளன, பாராட்டுகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஜீப் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அந்த நாலு வயதுக்காரி எழுந்து வந்தாள். பொம்மைகளைத் தாண்டிப் போய், பீரோ கைப்பிடியில் தொங்கிய பூட்டை எக்கி எடுத்து என்னிடம் நீட்டினாள். வருடம் முழுக்க நான் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.