டீச்சர் வீட்டுச் சாம்பல் ஊதா

பெயின்ட் அடிக்கும் தொழிலில் சுவரால் ஒரு தொல்லையும் கிடையாது. வேலை நடக்கிற வீட்டைச் சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறார்களே, அவர்களால்தான் எல்லாம். திண்டிவனத்தில் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன் நான். வீட்டையும் கட்டி, சொந்தக்காரர்களின் யோசனைகளையும் தாங்கிக்கொண்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பேர் இல்லாத கலர்

காணையில் கலையரசி டீச்சரின் வீடு. விழுப்புரத்தில் வேலை பார்த்துத் தன் சம்பளத்தில் கட்டியது. அதுவரை அண்ணன் தனசேகர் வீட்டு மாடி அறையில், அண்ணன் அடித்துவைத்த பச்சைக்குள் இருந்தவர். கலர் கார்டை நீட்டியதும் யோசிக்காமல் ஒன்றின் மேல் விரலை வைத்தார். முழு நீலமும் இல்லை, முழு ஊதாவும் இல்லை. இரண்டையும் கலந்து கொஞ்சம் சாம்பல் தூவியது போல இருந்தது. மழைக்கு முன்னால் பெருமுக்கல் மலை தூரத்தில் அப்படித்தான் தெரியும். “மத்த ரூமுக்கெல்லாம் எங்க அண்ணன் சொல்றதையே அடிங்க மேஸ்திரி. ஹால் மட்டும் என் இஷ்டத்துக்கு இருக்கட்டும்” என்றார்.

தனசேகர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வீட்டு முகப்பு ஆரஞ்சு, தூண்கள் கிளிப்பச்சை. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவனும் அங்கே விழித்துக்கொள்வான். அந்த மனிதர் சொன்னார்: “நாலு பேரு கேட்டா பேரு சொல்லணும் இல்ல? இதுக்கு இன்னா பேரு சொல்றது?”

ஈரச் சுவர்

முதல் கோட் ஈரமாக இருக்கும்போது எந்தச் சுவரும் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். காய்ந்து, இரண்டாவது கோட் ஏறினால்தான் நிறம் நிற்கும். இது தெரியாதவர்கள் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் வருவார்கள். டீச்சரின் தாய்மாமன் வந்தார். வாழ்நாளில் பிரஷ்ஷைத் தொடாதவர், ரோலரை எப்படிப் பிடிப்பது என்று முதலில் எனக்குக் கற்றுக்கொடுத்தார். பிறகு சுவரைப் பார்த்து மூக்கைப் பிடிக்காத குறைதான். “ஜல்தியா வெள்ளைய அடிச்சி மூடுப்பா. கிரகப்பிரவேசத்துக்கு வர்றவங்க எழவு வூடுன்னு நெனச்சிக்கினு வாசலோட திரும்பிடுவாங்க.”

மஞ்சள் பல்பு

வயரிங் முடியவில்லை. ஹாலில் ஒற்றை மஞ்சள் பல்பு தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் ஊதா செத்துப்போகும். சாயங்காலம் வந்த தனசேகரின் மனைவி அதைப் போனில் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார். ஒருவருக்குக் கத்திரிக்காயாகத் தெரிந்ததாம், இன்னொருவருக்குச் சிமென்ட். வேறு வேலை இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று அன்றுதான் தெரிந்தது. டீச்சரின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அண்ணி தீர்ப்பு சொன்னார்: “துபாய்ல இருக்கற எங்க தம்பியே சேறு மாதிரி இருக்குதுன்னுட்டான். அவன் எவ்ளோ பெரிய பில்டிங்கெல்லாம் பாத்தவன்.”

மாற்றிய கதை

மறுநாள் காலையில் தனசேகர் போன் செய்தார். “பெரியவன் நான் சொல்றேன். அவகிட்ட கேட்டுக்கினு நிக்காத. ஹாலை மாத்திடு.” நான் நேரே டீச்சரிடம் போய்ச் சொன்னேன். முதல் கோட் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். “சரின்னு சொல்லிடுங்க மேஸ்திரி. ரெண்டாவது கோட் எப்படியும் அடிக்கணும்தானே?” என்றார்.

அதே பக்கெட், அதே கலர். இரண்டாவது கோட் அடித்தேன். நன்றாகக் காய்ந்ததும் மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு, எலக்ட்ரீஷியனைப் பிடித்து டியூப்லைட் மாட்டவைத்தேன். வேலை முடிந்தது, வந்து பாருங்கள் என்று தனசேகருக்குச் சொல்லி அனுப்பினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஹாலைச் சுற்றினார். சுவரைத் தடவிப் பார்த்தார். தங்கையைக் கூப்பிட்டார். “பாத்தியா? நான் சொன்னதுக்கு அப்புறந்தான் வூடு வூடா இருக்குது.”

போட்டோ

கிரகப்பிரவேசத்தன்று எல்லாருக்கும் அந்தச் சுவர் முன்னால்தான் போட்டோ வேண்டியிருந்தது. எழவு வீடு என்ற தாய்மாமன் சீர்த்தட்டோடு முதல் ஆளாகப் போய் நின்றார். டீச்சரின் பள்ளி ஹெச்.எம். அம்மா, கலர் யாருடைய செலக்‌ஷன் என்று கேட்டார். தனசேகர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, “எல்லாம் நாந்தாங்க. தங்கச்சிக்கு இதெல்லாம் இன்னா தெரியும்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப் போனேன். பந்திக்கு மோர் எடுத்துப் போன டீச்சர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “வுடுங்க மேஸ்திரி. சாயந்தரம் அவரு வூட்டுப் பச்சைக்குப் போயிடுவாரு. நான் இங்கதான இருக்கப்போறேன்.”

எந்தச் சுவரும் ஒரு நாளில் காய்ந்துவிடுகிறது. பார்க்க வருகிறவர்களின் வாய் மட்டும் எத்தனை கோட் அடித்தாலும் காய்வதில்லை.