வாய் நிறைய ஒரு பெயர்

கொல்கத்தாவில் தண்ணீருக்கு ஜொல் என்று பெயர். அதைக் குடிக்கவும் மாட்டார்கள், 'சாப்பிடுவார்கள்'. என் அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கிய அன்று எதிர்வீட்டுப் பெண்மணி வந்து, "ஜொல் காபேன்?" என்று அன்பாகக் கேட்டார். தண்ணீர் வேண்டுமா என்று அர்த்தம். நம் ஊரில் ஜொள்ளு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அப்பா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "ஏட்டி, இந்த வயசுல என்னப் பாத்து என்ன கேக்கா இவ?" என்றார். நான் சமையலறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அன்றிலிருந்து வங்காளச் சொற்களைக் கேலி செய்வதே அவருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. கீழ்வீட்டுப் பிள்ளைகள் என் கணவரைக் 'காக்கு' என்று கூப்பிடுவார்கள். சித்தப்பா என்று பொருள். அப்பா உடனே பால்கனிக்குப் போய் வானத்தைப் பார்த்து, "எங்க காக்கா? ஒண்ணையும் காணமே" என்பார். தினமும் இதே வேடிக்கைதான். வந்த ஊரின் பேச்சை இப்படிக் கிண்டல் செய்வது எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

அவர் வந்தது என் மகளைப் பார்க்க. வங்கி வேலையில் மாற்றலாகி வந்து, கரியாஹாட் சந்தைக்குப் பின்னால் வீடு பிடித்து, இனி பிள்ளை இல்லை என்று நாங்களே முடிவுகட்டிய பிறகு பிறந்தவள் அவள். அவளுக்கு அம்மாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. என் ஆசையும் அதுதான். அம்மாவின் முழுப்பெயரை இங்கே எழுதப் போவதில்லை, அதன் தொடக்கம் முத்து. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு முத்து உண்டு. முத்துக் குளித்த ஊரில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பெயர் சூட்டும் நாளில் அப்பா குழந்தையின் காதில் மூன்று தடவை அதைச் சொன்னார்.

மறுநாள் அதே எதிர்வீட்டுப் பெண்மணி குழந்தையைப் பார்க்க வந்தார். பௌதி என்றுதான் அவரை அழைப்பேன், அண்ணி என்று பொருள். பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். காபியைப் பாதி குடித்தார், இருமினார், மழை வரும்போல இருக்கிறது என்றார். கடைசியில் அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து என் காதில் சொன்னார். வங்காளத்தில் 'முத்து' என்று சொன்னால் குழந்தை மூத்திரம் போவதைச் சொல்வது போலவே காதில் விழுமாம்.

இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு இது தெரியவில்லை. தெரிவதற்கு நியாயமும் இல்லை. நான் கற்றுக்கொண்ட வங்காளமெல்லாம் வங்கியின் கவுண்டரில் கற்றது. அங்கே யாரும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. என் கணவரிடம் போய், அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "உங்க அப்பா, நீயே சொல்லு" என்று நழுவிவிட்டார்.

சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெயரை மாற்றினால் அம்மாவை இன்னொரு தடவை அனுப்பிவைப்பது மாதிரி இருந்தது. மாற்றாவிட்டால் இந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் தலை தூக்க முடியாது. அப்பாவோ பால்கனியில் நின்று தெருவே கேட்கும்படி, "முத்து! ஏ முத்து! முத்துக்குட்டி!" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். கீழே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தன்னைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள் என்று அவர் அவர்களுக்குக் கையும் ஆட்டினார்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் குட்டு உடைந்தது. நான் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தேன், குழந்தை அப்பா மடியில் இருந்தது. நர்ஸ் வந்து குழந்தையைப் பார்த்து ஏதோ கேட்டார். பெயரைத்தான் கேட்கிறார் என்று நினைத்த அப்பா பெருமையாக, "முத்து" என்றார். நர்ஸ் உடனே குழந்தையைத் தூக்கி, அடித்துணியைத் தொட்டுப் பார்த்தார். "நா தாது, கொரேனி தோ!" என்றார். இல்லை தாத்தா, ஒன்றும் போகவில்லையே என்று அர்த்தம். அப்பா தலையை ஆட்டி, "முத்து! முத்து!" என்று இன்னும் அழுத்திச் சொன்னார். நர்ஸ் மறுபடியும் தொட்டுப் பார்த்தார். வரிசையில் இருந்த தாய்மார்கள் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதே சமயம் அழுகையும் வந்தது.

"எதுக்குச் சிரிச்சாங்க?" என்று திரும்பும்போது டாக்ஸியில் அப்பா கேட்டார். இனியும் மறைப்பதில் அர்த்தமில்லை. சொல்லிவிட்டேன். அவர் கோபப்படுவார், வங்காளிகளை ஒரு பிடி பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, வீடு வரும்வரை டிராம் கம்பிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு அவர் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. "பிள்ள அழுதா", "பிள்ளைக்குப் பசிக்கி" என்றார். பால்கனிக்கும் போகவில்லை. காக்காயும் மறந்துபோனது. அந்தக் கேலியை நான் அவ்வளவு வெறுத்தேனே, இப்போது அது இல்லாமல் வீடு வெறிச்சென்று இருந்தது.

பௌதியிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் நேராக வந்து அப்பாவின் எதிரே உட்கார்ந்தார். நான் மொழிபெயர்த்தேன். வங்காளிகளுக்கு இரண்டு பெயர் உண்டு, ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. ஊருக்கு வைப்பது நல்ல பெயர். வீட்டுப் பெயர் கூப்பிட மட்டும். அது எவ்வளவு அபத்தமாக இருந்தாலும் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. தன் கணவர் பெரிய அதிகாரி, வீட்டுக்குள் அவர் பெயர் பொட்லா, அதாவது துணிமூட்டை என்றார். முத்துக்கு இங்கே முக்தா என்று சொல்வார்கள், அதைப் பள்ளிக்கூடத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்றும் சொன்னார். எந்தச் சொல்லிலிருந்து எது வந்தது என்று பண்டிதர்கள் அடித்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த நிமிஷம் இரண்டும் ஒரே சிப்பியில் இருந்து வந்தவையாகவே தோன்றின.

பௌதி போனதும் அப்பா குழந்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "அப்பம் வீட்டுக்குள்ள நான் கூப்பிடலாமாட்டி?"

"தாராளமாக் கூப்பிடுங்கப்பா. இதுக்குப் போயி என்கிட்ட கேக்கணுமா?"

"இல்லட்டி. உங்கம்மாவ நான் ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல."

உண்மைதான். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு 'இந்தா', 'இங்க பாரு'. இல்லாவிட்டால் என்னைக் கூப்பிட்டு, 'ஏட்டி, உங்கம்மா எங்க?' என்பார். அம்மா இருந்தவரை அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

"அந்தக் காலத்துல அப்படிக் கூப்பிட ஒரு கூச்சம்" என்றார். "அவளுக்கு ஆச இருந்திருக்கும். இருந்திருக்கும் என்ன, இருந்துச்சு. ஒரு தடவ கேட்டுருக்கா. நான் சிரிச்சிட்டுப் போயிட்டேன். இங்க வந்துதான் வாய் நெறயக் கூப்பிட்டேன் பாத்துக்க."

சொல்லிவிட்டு எழுந்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனிப் பக்கம் போனார். கூப்பிடுவதற்கு முன்னால், தெருவுக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்று, கதவைச் சாத்தக் கையை நீட்டினார்.

"தெறந்தே இருக்கட்டும்ப்பா" என்றேன்.