நான் காட்டாத அறிக்கை

என் மனைவியின் மார்பிலிருந்து கட்டியை அகற்றிய பிறகு, அதில் ஒரு துண்டை அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்றார் டாக்டர். மரபணுக்களைப் பார்த்து, நோய் திரும்புமா, கீமோவால் பயன் உண்டா என்று கணித்துச் சொல்வார்களாம். அன்று தாம்பரம் பக்கம் அதைக் கேள்விப்பட்டவர் யாருமில்லை.

"அது என்ன சொல்லுதோ, அதும்படி செய்வோங்க," என்றாள் அவள்.

அறிக்கையை வாங்க நான் தனியாகப் போனேன்.

"நல்ல சேதி சார். ரிஸ்க் ரொம்பக் கம்மி. கீமோ வேணாம், மாத்திரை போதும்."

"திரும்ப வரவே வராதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா டாக்டர்?"

"அப்படி யாராலயும் சொல்ல முடியாது சார்."

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் என்னோடு வீட்டுக்கு வந்தது. நான் குரோம்பேட்டையில் பொறியியல் மாணவர்களுக்குக் கட்டுமானம் கற்பித்தவன். தேவைக்கு மேல் கம்பி போட்ட உத்தரம் முன்னறிவிப்பில்லாமல் உடையும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் சொந்த வீடு கட்டியபோது பயத்தில் கூடுதலாகத்தான் போட்டேன். அந்த வீட்டின் வரைபடக் கோப்புக்குள் அறிக்கையைச் செருகினேன்.

"அமெரிக்காவுலேர்ந்து வந்துச்சா?"

"வந்துச்சு. கீமோ எடுத்துக்கணுமாம்."

வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அவள் வெளியே உட்கார்ந்திருந்தபோது, முன்பு மரபணுப் பரிசோதனை ஏதாவது செய்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கட்டியின் அளவைப் பார்த்துக் கீமோ கொடுத்தார்கள்.

முடி கொட்டியது; திரும்ப முளைத்தது. மறு வருடம், தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலப் படிகளில் பாதியில் நின்றாள். "நீங்க போங்க, வரேன்," என்றாள். கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. இதயம் தளர்ந்துவிட்டது, சிலருக்கு அந்த மருந்து இப்படிச் செய்யும் என்று பிறகு சொன்னார்கள்.

அவள் இறக்கும்வரை புற்று திரும்பவில்லை. அறிக்கை சொன்னது சரி.

இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு காலையில், வழக்கமாக வரும் மீன்காரப் பெண் வாசலில் சிரிப்பது உள்ளே எனக்குக் கேட்டது.

"இன்னாக்கா, கூடையத் தூக்கினு வர்றது நானு, மூச்சு வாங்குறது நீயா?"

"உசுரோட இருக்கேனே, அதைப் பாரு. சார் மட்டும் பிடிவாதமா கீமோ போட வெக்கலைன்னா, நீ யாருக்கு மீன் விப்பே?"

"சாரு தங்கம்க்கா."

"ஏங்க, கொஞ்சம் வர்றீங்களா?" என்று என்னைக் கூப்பிட்டாள்.

போனேன். அரைக் கிலோ சங்கரா மீன் இருந்த சட்டி. அதை அவளால் தூக்க முடியவில்லை.