கிணற்றை எட்டிப் பார்க்காமல் வாங்கிய இடம்

கண்ணுக்குத் தெரியாத இடத்தை முகம் தெரியாத ஆளிடம் மொத்தமாக வாங்கி, எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சில்லறையாக விற்பது என் தொழில். தொண்ணூறுகளின் கடைசியில், கோயம்புத்தூர்க் கம்பெனிகளின் வெப்சைட்டுகளை அமெரிக்கக் கம்ப்யூட்டர்களில் குடிவைத்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் கையை நம்பிக் கடை போட்டவர்களே, வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

முதல் கையெழுத்து

பம்ப் மோட்டார் செய்யும் பழனிச்சாமி அண்ணன்தான் முதல் வாடிக்கையாளர். அவருடைய மோட்டார் படம் அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும், உலகமே பார்க்கலாம் என்று விளக்கினேன். அந்த ஊருக்குப் போயிருக்கிறேனா, அங்கே யாரையாவது தெரியுமா என்று கேட்டார். இரண்டும் இல்லை. மலிவு என்று நான் இடம் பிடித்த அமெரிக்கக் கம்பெனி அது. பாவம், என் முகத்துக்காகக் கையெழுத்துப் போட்டார்.

போட்டுவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, ஒரு காடு தோட்டம் வாங்கறதுன்னாலும் கெணத்தை எட்டிப் பாத்துப்போட்டுத்தானுங்க பேசுவோம்."

தறிச் சத்தத்தில்

முப்பது வாடிக்கையாளர்கள் சேர்ந்த சமயம் பார்த்து அந்தக் கம்பெனி படுத்துவிட்டது. மூன்று நாள் ஒருவருடைய வெப் பக்கமும் திறக்கவில்லை, மெயிலுக்குப் பதிலும் இல்லை. கருமத்தம்பட்டியில் எட்டுத் தறி போட்டுத் துண்டு நெய்யும் ராசாத்தி அக்காவின் பக்கமும் அதில்தான் இருந்தது. அவருடைய முதல் வெளிநாட்டு ஆர்டர் அதை நம்பித்தான் இருந்தது. ஜெர்மனிக்காரர் ஒருவர் பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார்.

போனில் சொல்ல வாய் வராமல் ஸ்கூட்டரில் போனேன். தறிச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொந்த மானக்கேட்டைக் கத்திச் சொல்லிப் பாருங்கள், தெரியும். அக்கா தறியை நிறுத்தினார். திட்டு விழும் என்று நின்றவனுக்கு மோர் வந்தது.

"நூல் அறுந்தா நாங்களும் முடிச்சுப் போட்டுத்தானுங்க தம்பி ஓட்டறோம். மூணு நாளா எனக்கொரு வார்த்தை சொல்லாம இருந்துபோட்டீங்களே!"

ஒரே கேள்வி

ஜெர்மனிக்காரர் மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொன்னார். நான் வேறு இடம் தேடினேன். மூன்று அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ஒரே கேள்வி எழுதினேன்: பக்கம் விழுந்தால் எனக்கு யார் சொல்வார்கள்? ஒன்று விலைப்பட்டியல் அனுப்பியது. இன்னொன்று எவ்வளவு இடம் தரும் என்று அளந்தது. மூன்றாவது ஒரு சின்னக் கம்பெனி. லிண்டா என்ற பெண் எழுதியிருந்தாள்: "நான் சொல்வேன். உங்கள் பகல் எங்களுக்கு ராத்திரி, இருந்தாலும் சொல்வேன். உங்கள் ஆட்கள் என்ன விற்கிறார்கள்?"

அதைப் பிரிண்ட் எடுத்துப் போய் அக்காவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, மடித்து வைத்திருந்த துண்டுகளைப் புரட்டினார்.

"அந்தப் புள்ளைக்கு நம்ம துண்டு ரெண்டு அனுப்பிப்போடலாங்களா? எதைக் காப்பாத்தறோம்னு அதுக்கும் தெரியோணுமில்லீங்க."

மாதக் கடைசி

துண்டு போனது. முப்பது பேரும் லிண்டாவின் கம்பெனிக்குக் குடிபோனோம். ஜெர்மனிக்காரர் பார்ப்பதாகச் சொன்ன நாள், மத்தியானம், லிண்டாவிடமிருந்து மெயில்: மெஷின் ஒன்று கெட்டுவிட்டது, ஒரு மணி நேரத்தில் சரியாகும், மன்னியுங்கள், துண்டுக்கார அக்காவிடம் முதலில் சொல்லுங்கள். இந்த முறை உடனே போன் செய்தேன்.

அக்கா பதறவில்லை. ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லி ஜெர்மனிக்கு ஃபேக்ஸ் போகட்டும் என்றார், அனுப்பினேன். ஜெர்மனிக்காரர் பொறுத்தார், பார்த்தார், சாயங்காலமே ஆர்டர் வந்தது. பக்கம் விழுந்ததற்கு நான் மறுபடி மன்னிப்புக் கேட்டபோது அக்கா விடவில்லை.

"உளுந்தா உளுந்துட்டுப் போகுதுங்க தம்பி. சொல்றதுக்கு ஆளிருக்குதில்லீங்க, அது போதுங்க."

நம் ஊரில் பஸ்ஸில்தான் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். நாங்கள் அமெரிக்காவிலேயே பிடித்தோம்.