விக்டோரியா ஏரிக்குப் போய் வந்த பிறகு

துபாயில் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்த சமயம். ஈத் லீவில் நானும் கணவரும் துபாயின் சத்வா பகுதியில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு உகாண்டா போனோம். விக்டோரியா ஏரியிலிருந்து நைல் நதி புறப்படும் இடத்தைப் படகில் போய்ப் பார்த்தோம். நதியின் தொடக்கத்தைத் தேடி அந்தக் காலத்தில் அங்கே வந்த வெள்ளைக்காரருக்குக் கரையில் நினைவுத்தூண் வைத்திருக்கிறார்கள்.

திரும்பி வந்தும் நான்கு வாரம் மலேரியா மாத்திரை சாப்பிட வேண்டும். அவருக்கு அது குமட்டியது. "துபாய்ல ஏது கொசு? விட்டுடுங்க" என்று சொன்னது நான்தான்.

இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கஷாயம் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இலங்கை நர்ஸ், "ஆபிரிக்கா பக்கம் போனீங்களோ அக்கா?" என்று கேட்டார். சொன்னேன். உடனே ரத்தம் எடுத்தார்கள். மலேரியா மூளைக்கு ஏறியிருந்தது. நீட்டிய தாள்களில் கையெழுத்துப் போட்டேன். அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "ம்" என்றேன்.

இப்போது யாருக்குக் காய்ச்சல் என்றாலும், போய் வந்த ஊரைத்தான் டாக்டரிடம் முதலில் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தலாமா என்று கணவர் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. டாக்டருக்குப் போன் செய்து கையில் கொடுத்துவிடுகிறேன்.