வாய் பொத்திய வீடு

டயர்க்காரருக்குக் காதில் ஒரு கோளாறும் கிடையாது. இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார், பாவம். கடையில் காற்றடிக்கும்போது லாரி டயர் ஒன்று வெடித்து, பக்கத்தில் நின்ற கூட்டாளி அங்கேயே போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. இவர்மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஊரில் கிளம்புகிற சத்தமெல்லாம் நேராக இவர்மேல்தான் வந்து விழுகிறது.

"காது நல்லாத்தான் இருக்கு. எந்தச் சத்தத்தை விடலாம், எதுக்குப் பயப்படணும்னு மூளைக்குத்தான் பிரிக்கத் தெரியல. கதவு சாத்தினாலும் அதுக்கு டயர் வெடிச்ச மாதிரிதான்" என்றார் டாக்டர். "அதுக்காகச் சத்தமே இல்லாம ஒளிஞ்சுக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமாப் பழகணும்."

பின்பாதியை யார் காதில் வாங்கினார்கள்? மனைவி முன்பாதியோடு வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கிவிட்டாள். நாற்காலிக் கால்களுக்குப் பழைய டியூபை வெட்டி மாட்டினாள். குக்கர் பரணுக்குப் போனது. கரண்டிகளைத் துணியில் சுற்றி வைத்தாள். நாலு வயது மகளுக்கு நாள் முழுக்க ஒரே பாட்டு: "அப்பா இருக்கார், மெதுவா."

நல்லதுதான் நினைத்தாள், அதுவே வினையாகிவிட்டது. வீடு அமைதியாக ஆக, அடுத்த சத்தம் எப்போது வருமோ என்று இவர் காத்துக் கிடந்தார். உட்காருவார், எழுவார், ஜன்னலுக்குப் போவார், திரும்புவார். பக்கத்து வீட்டில் டம்ளர் விழுந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வார். இவர் இடுப்பை விட்டு இறங்காத மகள் இப்போது அறை வாசலோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். அதுதான் அவரை அரித்தது. பிள்ளை தன்னைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று பயந்தார்.

ஒரு மத்தியானம் 'தொம்' என்று ஒரு சத்தம். மனுஷன் தலையைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் புகுந்துவிட்டார். கண்ணைத் திறந்தால், தூக்கத்தில் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்த மகள் எதிரே தரையில் கிடக்கிறாள். உதடு கிழிந்து ரத்தம். கண்ணில் பொலபொலவென்று நீர். சத்தம் மட்டும் இல்லை. இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தாள்.

"அழும்மா. சத்தமா அழு."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். விரலிடுக்கில் வார்த்தை வந்தது: "அப்பாக்குப் பயமாயிருக்கும்."

அடப் பாவமே, பெற்ற பிள்ளையின் அழுகையைக்கூடப் பிடுங்கிக்கொண்டேனே என்று அவருக்கு நெஞ்சு வெடித்தது. தவழ்ந்து வந்து அந்தக் கைகளை விலக்கினார். வீறிட்டாள் பாருங்கள், வீடே அதிர்ந்தது! அவருக்கு உடம்பெல்லாம் உதறியது, சட்டை நனைந்தது. ஓடி வந்த மனைவி குழந்தையின் வாயைப் பொத்தப் போனாள்.

"கையை எடு" என்றார்.

மகளை மடியில் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்தார். இத்தனை நாளுக்கும் சேர்த்து அழுதாள். அவர் எழுந்து போகவில்லை.